அன்செல் ஆடம்ஸ்

அன்செல் ஈஸ்டன் ஆடம்ஸ் (பெப்ரவரி 20, 1902 – ஏப்ரல் 22, 1984) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும், ஆசிரியரும், இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலரும் ஆவார். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் சியேரா நெவாடா மலைத்தொடரையும் காட்டும் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். கையடக்க ஒளிமானி காட்டும் அளவை ஒளிப்படக் கலைஞரின் நோக்கத்துடன் இணைக்கும் வலய முறைமையை பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து உருவாக்கினார். கருவி ஒளியை அளந்து சொல்லும், அவ்வளவைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் படமெடுப்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பது இவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்த பாடத்தின் சாரம் எனலாம்.

பிறப்பும் இளமையும்

ஆடம்ஸ் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் ஹிட்ச்காக் ஆடம்ஸ், தாய் ஒலிவ் பிரே. பாட்டனார் மர வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். எனினும் ஆடம்ஸின் சிறுவயதிலேயே குடும்பத்தின் செல்வநிலை வீழ்ச்சியடைந்தது. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது இவருக்கு வயது நான்கு. பின்னதிர்வு ஒன்றில் தோட்டச் சுவரின்மீது தூக்கி எறியப்பட்டு மூக்கு உடைந்தது. வளைந்த அந்த மூக்கு வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்தது.

ஓரிடத்தில் அமர முடியாத சிறுவனாக இருந்த ஆடம்ஸால் பள்ளியில் நிலைக்க இயலவில்லை. இதனால் தந்தை இவரைப் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டிலேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சிக்கு ஆண்டு முழுவதற்குமான நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்து, நாள்தோறும் சென்று பார்ப்பதையே அவ்வாண்டுக் கல்வியின் ஒரு பகுதியாக்கினார். இக்காலத்தில் ஆடம்ஸ் பியானோ வாசிக்கத் தாமாகவே கற்றுக்கொண்டார். பின்னர் முறையான ஆசிரியர்களிடம் பயின்றார். இசைப் பயிற்சி தந்த ஒழுங்கும் துல்லியமும் இவருடைய பிற்காலப் பணியில் தெளிவாகத் தெரிகின்றன. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அதிலிருந்து எடுக்கும் அச்சுப்படியை அக்குறிப்பின் வாசிப்புக்கும் ஒப்பிடுவது இவர் வழக்கம்.

யோசெமிட்டியும் முதல் படங்களும்

1916ஆம் ஆண்டு கோடையில் குடும்பத்துடன் முதன்முறையாக யோசெமிட்டி சென்றார். அப்பயணத்தின்போது பெற்றோர் இவருக்குக் கோடாக் பிரௌனி பெட்டி கேமரா ஒன்றைக் கொடுத்தனர். அதன் பின்னர் வாழ்நாளில் எந்த ஆண்டும் யோசெமிட்டி செல்லத் தவறியதில்லை. 1919இல் சியேரா கழகத்தில் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு முதல் நான்கு கோடைகள், யோசெமிட்டியில் அக்கழகம் நடத்திய லெகாண்ட் நினைவு இல்லத்தின் காப்பாளராகப் பணிபுரிந்தார்.

1927 ஏப்ரல் 10 அன்று நண்பர்களுடன் கண்ணாடித் தட்டுகளையும் கனமான கேமராவையும் சுமந்துகொண்டு, ஹாப் டோம் என்னும் பாறைக் குன்றை எதிர்நோக்கும் உயரத்துக்கு ஏறினார். கையில் மிஞ்சியிருந்தவை இரண்டு தட்டுகள். முதல் தட்டில் மஞ்சள் வடிகட்டியைப் பயன்படுத்திப் படமெடுத்தார். எடுத்த உடனேயே, தாம் மனத்தில் கண்ட கரிய வானமும் கம்பீரமான பாறையும் அதில் வரப்போவதில்லை என உணர்ந்தார். கடைசித் தட்டில் அடர்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தி மீண்டும் எடுத்தார். ஒற்றைக்கல், ஹாப் டோமின் முகம் என்ற பொருளுடைய பெயரால் அறியப்படும் அப்படமே இவருடைய கலைவாழ்வின் திருப்புமுனையாகும். முடிவுப்படம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்பே மனத்தில் காண்பதை இவர் முன்காட்சிப்படுத்தல் என்ற பொருளில் விளக்கலானார்.

அக்காலத்தில் ஒளியின் அளவைக் கணிக்க நம்பத்தக்க மின்கருவி எதுவும் ஒளிப்படக்காரர்களிடம் இல்லை. அனுபவம், அச்சிட்ட அட்டவணைகள், ஒளிபட்டுக் கறுக்கும் தாளைக் கொண்ட சிறு கருவிகள் ஆகியவற்றையே நம்பினர். ஒரு மலைப்பயணத்தில் சுமந்து செல்லக்கூடிய தட்டுகள் சிலவே என்பதால், கணிப்பில் ஏற்படும் ஒவ்வொரு பிழையும் பேரிழப்பாக இருந்தது.

ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்ளல்

1928ஆம் ஆண்டு வர்ஜீனியா பெஸ்ட் என்பவரை மணந்தார். வர்ஜீனியாவின் தந்தை யோசெமிட்டியில் ஓவியக் கூடம் ஒன்றை நடத்திவந்தார். இவர்களுக்கு மைக்கேல் என்ற மகனும் ஆன் என்ற மகளும் பிறந்தனர். பியானோவா கேமராவா என்ற கேள்வி ஆடம்ஸை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1930இல் நியூ மெக்சிகோவின் டாவோஸ் என்னுமிடத்தில் ஒளிப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டைச் சந்தித்து அவருடைய நெகட்டிவ்களைப் பார்த்த பின்னர், ஒளிப்படக்கலையே தம் வழி என முடிவு செய்தார்.

1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமொஜென் கன்னிங்காம், வில்லர்ட் வான் டைக் முதலியோருடன் இணைந்து எஃப்/64 குழுவைத் தொடங்கினார். பெரிய கேமரா வில்லைகளில் அமைந்த மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண்ணே குழுவின் பெயரானது. ஓவியம்போல் மங்கலாகத் தோன்றும் ஒளிப்படங்களை விடுத்து, அண்மை முதல் தொலைவு வரை அனைத்தும் கூர்மையாகத் தெரியும் படங்களை இக்குழு வலியுறுத்தியது. 1936இல் நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய கூடத்தில் ஆடம்ஸின் தனிக்கண்காட்சி நடைபெற்றது. 1937இல் யோசெமிட்டியில் இருந்த இருட்டறையில் ஏற்பட்ட தீயில் ஏராளமான நெகட்டிவ்கள் அழிந்தன. 1940இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஒளிப்படத் துறை அமைக்கப்பட்டபோது, பியூமான்ட் நியூஹால், டேவிட் மக்கால்பின் ஆகியோருடன் ஆடம்ஸும் துணைநின்றார்.

வெஸ்டன் ஒளிமானி

எஃப்/64 குழு தோன்றிய அதே 1932ஆம் ஆண்டில், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரைச் சேர்ந்த வெஸ்டன் மின்கருவி நிறுவனம் தன் முதல் ஒளிப்பட ஒளிமானியை வெளியிட்டது. இந்நிறுவனத்தைத் தோற்றுவித்த எட்வர்ட் வெஸ்டன் (1850–1936) இங்கிலாந்தில் பிறந்த வேதியியலாளரும் பொறியியலாளரும் ஆவார். ஆடம்ஸின் நண்பரான ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் (1886–1958) வேறொருவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் குழப்பிக்கொள்வது உண்டு.

இவ்வகை ஒளிமானியின் அமைப்பு எளியது. செலினியம் பூசிய தகட்டின்மீது ஒளி விழும்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது. நுண் மின்னோட்டமானி ஒன்று அதை அளந்து முள்ளை நகர்த்துகிறது. மின்கலம் தேவையில்லை. முள் காட்டும் எண்ணை வட்டத் தகட்டில் பொருத்தினால், துளை எண்களும் அவற்றுக்கு ஏற்ற ஷட்டர் வேகங்களும் எதிரெதிரே தெரியும். 1939இல் வெளிவந்த வெஸ்டன் மாஸ்டர் மாதிரியில், மங்கிய ஒளியை அளக்கத் திறந்துகொள்ளவும் கடும் ஒளியில் மூடிக்கொள்ளவும் துளைகள் இட்ட மடிப்புத் தகடு ஒன்று இருந்தது. மூடினால் ஓர் அளவுகோலும் திறந்தால் வேறோர் அளவுகோலும் முள்ளின் அடியில் தோன்றும்.

வெஸ்டன் அளவுகோலின் எண்கள் ஒரு பரப்பின் ஒளிர்வைச் சதுர அடிக்கு இத்தனை கேண்டில் எனக் குறித்தன. இது ஆடம்ஸுக்குப் பெரிதும் பயன்பட்டது. பாறை, பனி, நிழல் ஆகிய ஒவ்வொன்றின் ஒளிர்வையும் தனித்தனி எண்ணாகக் கண்டு ஒப்பிட முடிந்தது. மேலும், வட்டத் தகட்டில் வழக்கமான அம்புக்குறியின் இருபுறமும் வேறு குறிகளும் இருந்தன. இவை ஒளியின் அளவைப் பாதியாக்குவதையும், இரட்டிப்பாக்குவதையும், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உரிய எல்லைகளையும் காட்டின. ஒளிப்படம் என்பது ஒற்றை எண் அன்று, ஒரு வரிசை என்னும் கருத்து அத்தகட்டிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

வலய முறைமை

ஒளிமானிக்கு ஒரு குறை உண்டு. எப்பரப்பை நோக்கிக் காட்டினாலும், அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கொண்டு விடை சொல்லும். வெண்பனியை அளந்து அப்படியே பின்பற்றினால் படத்தில் பனி சாம்பலாகும். கரியை அளந்தாலும் அதே சாம்பல் நிறமே கிடைக்கும். கருவி பொய் சொல்வதில்லை. அளக்கப்படும் பொருள் பனியா கரியா என்பதை அறிய அதற்கு வழியில்லை, அவ்வளவே.

1930களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்ட் சென்டர் பள்ளியில் கற்பித்தபோது, ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் இக்குறையைக் கடக்கும் வழியை மாணவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லித்தர முயன்றனர். ஒளிப்படப் பூச்சுகளின் உணர்திறனைப் பற்றி ஹர்ட்டர், டிரிபீல்டு ஆகியோர் 1890இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த அறிவியலே இதன் அடிப்படை. அச்சுப்படியில் தோன்றும் நிறச்செறிவு முழுக் கறுப்பு முதல் தாளின் தூய வெண்மை வரை 0 முதல் 10 வரையான 11 வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வலயத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது பிலிமில் விழும் ஒளி இரட்டிப்பாகிறது. ஒளிமானி காட்டும் நடுத்தரச் சாம்பல் 5ஆம் வலயம் ஆகும்.

இம்முறைமையின் படிகள் வருமாறு:

1. காட்சியின் முக்கியப் பகுதிகளை ஒளிமானியால் தனித்தனியே அளத்தல்.
2. அவற்றுள் ஒன்றை எந்த வலயத்தில் வைக்க வேண்டும் எனத் தீர்மானித்தல். பொதுவாக, விவரங்கள் தெரிய வேண்டிய நிழற்பகுதி 3ஆம் வலயத்தில் வைக்கப்படும்.
3. ஏனைய பகுதிகள் எவ்வலயங்களில் தாமாக விழுகின்றன எனப் பார்த்தல்.
4. வெளிச்சமான பகுதிகள் வேண்டிய வலயத்துக்கு மேலே சென்றால், பிலிமைக் குறைந்த நேரமும், கீழே நின்றால் கூடுதல் நேரமும் உருத்துலக்கல்.

இதில் இரண்டாம் படியே உயிரானது. வைத்தல் என்பது படமெடுப்பவரின் முடிவு, விழுதல் என்பது இயற்கையின் விளைவு. ஒளிமானியின் பணி இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைச் சொல்வதோடு முடிகிறது.

ஹெர்னாண்டஸ் நிலவெழுச்சி

1941 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்க உள்துறை ஆடம்ஸை ஒரு பணியில் அமர்த்தியது. தேசியப் பூங்காக்கள், பழங்குடியினர் நிலங்கள் முதலியவற்றைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்தின் சுவர்களில் பெரும்படங்களாக வைப்பது திட்டத்தின் நோக்கம். பணிபுரியும் நாளொன்றுக்கு 22.22 டாலர் ஊதியம். இப்பயணத்தில் மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும் உடன் சென்றனர்.

நியூ மெக்சிகோவில் பயனற்றுப் போன ஒரு நாளின் முடிவில், சாமா பள்ளத்தாக்கிலிருந்து சாந்தா பே நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தபோது, சாலையோரத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் தென்பட்டது. கிழக்கே பனிமலைகளுக்கு மேல் நிலவு எழுந்திருந்தது. மேற்கே மறையும் கதிரவனின் கடைசி ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் வெண்மையாகப் படிந்திருந்தது. ஆடம்ஸ் வண்டியை நிறுத்தி, 8×10 அங்குல பிலிமுக்கான பெரிய கேமராவை அவசரமாக நிறுவினார். கேமரா அணியமானது. வெஸ்டன் ஒளிமானியோ எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கதிரவன் மேகத்தின் பின்னே மறையச் சில கணங்களே இருந்தன.

அப்போது நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது இவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஓர் எண்ணைக் கொண்டு மனத்துக்குள் கணக்கிட்டார். கணக்கை இவ்வாறு விளக்கலாம். நிலவு வெண்மையாகவும் விவரம் இழக்காமலும் இருக்க 7ஆம் வலயத்தில் வைக்கப்பட்டது. அதற்கு இரண்டு வலயம் கீழே உள்ள 5ஆம் வலயத்துக்கு உரிய ஒளிர்வு நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 60 கேண்டில். பிலிமின் உணர்திறன் எண் 64, அதன் வர்க்கமூலம் 8. துளை எண் உணர்திறனின் வர்க்கமூலமாக இருக்கும்போது, 5ஆம் வலயத்துக்கு உரிய ஒளிர்வின் தலைகீழ் எண்ணே நொடியில் அமைந்த நேரமாகும். எனவே எஃப்/8 துளைக்கு நொடியில் 60இல் ஒரு பங்கு தேவை. வில்லையில் இருந்த நிற வடிகட்டி மூன்று மடங்கு ஒளியை வேண்டியதால் அது 20இல் ஒரு பங்கு நொடியானது. அண்மையும் தொலைவும் கூர்மையாக இருக்க எஃப்/32 துளை தேவைப்பட்டது. அதன் வழியே 16இல் ஒரு பங்கு ஒளியே செல்லும். ஆகவே நேரம் 16 மடங்காகி, ஏறத்தாழ ஒரு நொடி ஆனது.

ஒரு நொடி ஒளிபடச் செய்துவிட்டு, மாற்றுப்படம் ஒன்று எடுப்பதற்காக பிலிம் கூட்டைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளின்மீது படிந்திருந்த ஒளி மறைந்துவிட்டது. ஒரே ஒரு நெகட்டிவே கிடைத்தது.

கணக்கு நிலவுக்குச் சரியாக இருந்தது. முன்னிலத்தின் ஒளிர்வையோ அளக்க இயலவில்லை. நெகட்டிவின் அப்பகுதி மெலிந்திருந்ததால் அச்சிடுவது மிகவும் கடினமாக இருந்தது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் வேதிக்கரைசலில் இட்டுச் செறிவூட்டினார். ஆண்டுகள் செல்லச்செல்ல வானத்தை மேலும் மேலும் கரியதாக அச்சிட்டார். வாழ்நாளில் இந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தம் கையால் உருவாக்கினார். தொடக்காலப் படிகளையும் பிற்காலப் படிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே அளவீடு எத்தனை முடிவுகளுக்கு இடம் தருகிறது என்பது விளங்கும்.

ஒளியின் அளவை நுட்பமாகக் குறித்த ஆடம்ஸ், நாள்களைக் குறிப்பதில் கவனமற்றவர். இப்படத்துக்கு 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளை வெவ்வேறு இடங்களில் கொடுத்துள்ளார். 1991இல் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழைச் சேர்ந்த டென்னிஸ் டி சிக்கோ, நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு கணித்து, படம் 1941 நவம்பர் 1 அன்று மாலை 4:49 மணிக்கு எடுக்கப்பட்டது என நிறுவினார். அந்நாளுக்கு ஆடம்ஸ் அரசிடம் ஊதியம் கோரவில்லை. எனவே படம் அரசுக்கு உரியதா, ஆடம்ஸுக்கு உரியதா என்ற ஐயமும் நீங்கியது.

மன்சனார் படங்கள்

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய மரபினரான அமெரிக்கர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் மன்சனார் முகாமுக்குச் சென்று அங்கு வாழ்ந்தோரைப் படமெடுத்தார். அவர்களும் ஏனையோரைப்போல் சம உரிமையுள்ள குடிமக்களே என்பதை உணர்த்தும் நூலாக இவை 1944இல் வெளிவந்தன. போர்க்காலத்தில் இந்நூல் எதிர்ப்பைச் சந்தித்தது. முகாமின் துன்பத்தை இப்படங்கள் போதிய அளவு காட்டவில்லை என்ற விமர்சனமும் உண்டு. 1965இல் இப்படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார்.

ஆசிரியப் பணி

1946இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா நுண்கலைப் பள்ளியில் ஒளிப்படத் துறையை நிறுவினார். மைனர் வைட் அங்கு ஆசிரியராக இணைந்து வலய முறைமையைத் தம் வழியில் வளர்த்தெடுத்தார். 1955 முதல் யோசெமிட்டியில் ஆண்டுதோறும் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். 1949 முதல் போலராய்டு நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் விளங்கினார். 1952இல் அபெர்ச்சர் இதழைத் தொடங்கியோருள் இவரும் ஒருவர்.

வெஸ்டன் ஒளிமானி அகன்ற கோணத்தில் ஒளியைப் பெறுவதால், தொலைவிலுள்ள சிறு பரப்பைத் தனியே அளப்பது கடினம். மலையின் நிழற்சரிவை அளக்க அங்கேயே செல்லவும் முடியாது. எனவே ஆடம்ஸ் பின்னர் எஸ்.இ.ஐ. எனப்படும் பிரித்தானிய ஒளிமானியைப் பயன்படுத்தினார். இது அரைப்பாகைக் கோணத்தில் உள்ள சிறு புள்ளியை மட்டும் காட்டி, அதன் ஒளிர்வை உள்ளே எரியும் விளக்கின் ஒளியுடன் கண்ணால் ஒப்பிடச் செய்வது. பிற்காலத்தில் மின்னணுப் புள்ளி ஒளிமானிகள் வந்தபோது அவற்றையும் ஏற்றுக்கொண்டார். கருவிகள் மாறினாலும் வைத்தல், விழுதல் என்னும் அடிப்படை மாறவில்லை.

இயற்கைப் பாதுகாப்பு

1934 முதல் 1971 வரை சியேரா கழகத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். கிங்ஸ் கேன்யன் பகுதியைப் பாதுகாக்க வேண்டி 1936இல் வாஷிங்டன் சென்று தம் படங்களுடன் ஆதரவு திரட்டினார். 1938இல் வெளிவந்த சியேரா நெவாடா பற்றிய இவருடைய நூலும் இம்முயற்சிக்கு வலுவூட்டியது. 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவானது. உலகம் துன்பத்தில் இருக்கும்போது பாறைகளையும் மரங்களையும் படமெடுப்பதா எனச் சிலர் இவரைக் குறைகூறினர். அப்பாறைகளும் மரங்களும் அழியாமல் நிற்க இவருடைய படங்கள் துணைசெய்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக்காலமும் மறைவும்

1962 முதல் கலிபோர்னியாவின் கார்மெல் ஹைலண்ட்ஸ் பகுதியில் வாழ்ந்தார். 1975இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படைப்பாக்க ஒளிப்பட மையம் உருவாகத் துணைநின்றார். இவருடைய நெகட்டிவ்களும் ஆவணங்களும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில், டீட்டன் மலைகளையும் ஸ்னேக் ஆற்றையும் காட்டும் இவருடைய படம் இடம்பெற்றது. 1980இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் இவருக்கு விடுதலைப் பதக்கம் வழங்கினார்.

1984 ஏப்ரல் 22 அன்று மான்டெரே நகரில் இதயநோயால் காலமானார். அப்போது இவருக்கு வயது 82. சியேரா நெவாடாவின் காட்டுப்பகுதி ஒன்றுக்கு 1984இலும், யோசெமிட்டி பூங்காவின் எல்லையிலுள்ள மலைமுடி ஒன்றுக்கு 1985இலும் இவர் பெயர் சூட்டப்பட்டது.

தாக்கம்

எண்ணிமக் கேமராக்களின் உள்ளேயே ஒளிமானி அமைந்துவிட்டபோதிலும், பிலிமில் படமெடுப்போர் பழைய வெஸ்டன் ஒளிமானிகளை இன்றும் தேடி வாங்குகின்றனர். செலினியத் தகடு ஈரத்தாலும் முதுமையாலும் வலுவிழக்கக்கூடும் என்பதால், சரியான வேறொரு ஒளிமானியுடன் மங்கிய ஒளியிலும் கடும் ஒளியிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவற்றை நம்புவது முறை. பழைய மாதிரிகளில் உள்ள வெஸ்டன் உணர்திறன் எண் இன்றைய எண்ணைவிடச் சற்றுக் குறைவானது. இன்றைய 100, அதில் 80 ஆகும். இவ்விரண்டையும் சரிபார்த்த பின்னரும் அக்கருவி நடுத்தரச் சாம்பலை மட்டுமே சொல்லும். எஞ்சியதைத் தீர்மானிப்பதற்கு ஆடம்ஸ் வகுத்த வழி இன்றும் பயன்படுகிறது.

முக்கிய நூல்கள்

டாவோஸ் பியூப்ளோ (1930, மேரி ஆஸ்டினுடன்)
மேக்கிங் எ போட்டோகிராப் (1935)
சியேரா நெவாடா: த ஜான் மூயர் டிரெயில் (1938)
பார்ன் ஃபிரீ அண்ட் ஈக்வல் (1944)
கேமரா அண்ட் லென்ஸ் (1948)
த நெகட்டிவ் (1948, திருத்திய வடிவம் 1981)
த பிரிண்ட் (1950, திருத்திய வடிவம் 1983)
திஸ் இஸ் தி அமெரிக்கன் எர்த் (1960, நான்சி நியூஹாலுடன்)
த கேமரா (1980)
தன்வரலாறு (1985, மறைவுக்குப் பின் வெளிவந்தது)